பானம் 0, ஏக்கம் 10

நவம்பர் 17, கார்த்திகை 1
பானம்: 0. ஏக்கம்: 10.

இந்த நோட்டுப் புத்தகம் இன்று காலை புதுவழி மறுவாழ்வு மையத்தில் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் இரண்டு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். ஒன்று பானம். எத்தனை என்று எண் போட வேண்டும். இன்னொன்று ஏக்கம். சைபரிலிருந்து பத்துக்குள் ஏதாவது ஒரு எண். அதற்குக் கீழே இருபது கோடு சும்மா கிடக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டவன் என்றாலும் தமிழில் அறுபத்தெட்டு வாங்கியவன் நான். வெறுங்கோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது.

என் பெயர் செண்பகராஜ். கோவில்பட்டியில் கனி சவுண்ட் சர்வீஸ் என்றால் தெரியும். கல்யாணம், சடங்கு, எழவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுகிறவன். என் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். வீட்டில் என் பேச்சு எடுபடாது.

நோட்டு ஒரு ஆராய்ச்சிக்கு. சென்னையில் ரகோத்தமன் என்று ஒரு பெரிய டாக்டர். குடியை மறக்க வைக்கிற கேப்சூல் ஒன்றை நாற்பது பேருக்குக் கொடுத்துப் பன்னிரண்டு வாரம் பார்க்கப் போகிறார். இருபது பேருக்கு நிஜ மருந்து. இருபது பேருக்கு உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் ஃபெபி என்ற பெண்தான் எங்களைக் கவனிக்கிறவள். அவளிடம் கேட்டேன்.

“உனக்காவது தெரியுமா தாயி?”

“எனக்கும் தெரியாது அண்ணாச்சி. டாக்டருக்கும் தெரியாது. அதான் முறை.”

“எங்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. குடிச்சிக்கிட்டு இருக்கும்போதும் எங்க நெலம இப்படித்தான இருந்தது?”

சிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. பேனாவைக் கடித்துக்கொண்டாள்.

மையத்தின் மேனேஜர் தேவசகாயத்தைப் பாராட்ட வேண்டும். ஐப்பசி முழுக்க நாயாய் அலைந்து அவருக்குக் கிடைத்தது மூன்று பேர். இன்று ஒரே காலையில் முப்பத்தேழு பேர். மனுசன் கோயில் வாசலிலேயே வேனை நிறுத்தியிருந்தார். சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டு, கறுப்பு வேட்டியும் சந்தனமுமாக வெளியே வந்த குடிகாரர் அத்தனை பேரையும் அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாலை கழுத்தில் கிடக்கும் வரை எங்களில் ஒருவனும் குடிக்க மாட்டான். பயம். இது ஊருக்கே தெரியும். ஆராய்ச்சிக்கு மட்டும் தெரியாது. படிவத்தில் வயது கேட்டார்கள், எடை கேட்டார்கள், ஈரல் கேட்டார்கள். கழுத்தில் என்ன என்று கேட்கவில்லை.

“இதுக்குக் கட்டம் இல்லியா?” என்று மாலையைத் தூக்கிக் காட்டினேன்.

“இல்ல அண்ணாச்சி,” என்றாள் ஃபெபி.

கட்டத்தில் உள்ள எண்ணை மட்டும்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களாம். கீழே எழுதுவதை யாரும் படிக்கப் போவதில்லை. நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி: இதைப் படிக்கிறவருக்கு ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் ஒரு டீ வாங்கித் தருகிறேன். செண்பகராஜ் வாக்குத் தவற மாட்டான். இன்னும் நாற்பத்தெட்டு நாளைக்கு.

நவம்பர் 18
பானம்: 0. ஏக்கம்: 10.

முதல் கேப்சூலை வாயில் போடப் போனேன். எங்கள் குருசாமி லட்சுமணப் பெருமாள் கையைப் பிடித்துவிட்டார்.

“அந்தக் கூடு எதுல செய்யுதான் தெரியுமா சாமி? மாட்டெலும்பக் காய்ச்சி.”

அவருக்கு இருபத்தாறாவது மலை. எலும்பு, தோல் சங்கதியெல்லாம் அத்துபடி. ரோடு போடும் ஒப்பந்தக்காரர், கார்த்திகை மார்கழி தவிர மற்ற மாதங்களில் காலை பதினோரு மணிக்கே கண் சிவந்திருக்கும். அவர் சொல்லி நாங்கள் மீற முடியுமா? முப்பத்தேழு பேரும் மாத்திரை தின்பதில்லை என்று தீர்மானம். வாங்கவும் வேண்டும், வாரக் கடைசியில் காலி டப்பாவைத் திருப்பிக் காட்டவும் வேண்டும். கொம்பையா தன் பங்கைக் கோயில் தெப்பத்து மீனுக்குப் போடப் போகிறானாம். கொம்பையா என் சிநேகிதன், வாழைக்காய் மண்டியில் தரகு. இருபது வருசமாக ஒரே பாட்டிலில் குடித்தவர்கள், அதனால் சிநேகிதம்.

நான் போடவில்லை, வீசவும் இல்லை. பழைய பேட்டரி டப்பா ஒன்றில் சேர்த்து வைக்கிறேன். கணக்கு எளிது. மாலை இருக்கும் வரை சாமி பார்த்துக்கொள்ளட்டும். மாலை கழற்றிய அன்றிலிருந்து மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும். சாமிக்கும் மருந்துக்கும் ஷிப்டு போட்டுக் கொடுத்த முதல் ஆள் நான்தான்.

மாரி தட்டை வைத்துவிட்டு, “சாமி, சோறு வெச்சிருக்கு,” என்றாள். மாரி என் மகள். மெடிக்கல் கடையில் நிற்கிறாள். மாலை போட்டவனை வீட்டில் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற நாட்களில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவைத் தட்டுவாள், அல்லது தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும். ஆக வருசத்தில் நாற்பத்தெட்டு நாள் எனக்குப் பெயர் உண்டு.

நவம்பர் 24
பானம்: 0. ஏக்கம்: 10.

முதல் வாரச் சோதனை. கொம்பையா பானம் என்ற கட்டத்தில் தினமும் ஆறு, ஏழு என்று போட்டிருந்தான். ஃபெபிக்கு முகம் வெளுத்துவிட்டது. விசாரித்தால் டீயாம்.

“பானம்னுதான போட்டிருக்கு? சாயா பானம் இல்லியா?” என்று அவளிடம் சட்டம் பேசினான். பேனாவால் போட்டதை அடிக்கக் கூடாது என்று விதியாம். ஆகவே ஆராய்ச்சியின்படி கொம்பையா முதல் வாரம் நாற்பத்து நாலு குடித்திருக்கிறான்.

அடுத்தது நான்.

“அண்ணாச்சி, ஏழு நாளும் ஏக்கம் பத்துன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“அவ்வளவு இருக்கா?”

“அதுக்கு மேல எண்ணு இல்லைல்லா.”

“குடிக்கணும்னு அவ்வளவு தோணுதா?”

அப்போதுதான் உறைத்தது. குடிமேல் ஏக்கம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். எது மேல் என்று போட வேண்டாமா? தமிழ் தெரிந்தவன் ஒருத்தனைக் கேட்டு அச்சடித்திருக்கலாம்.

“நீங்க எதை நெனச்சுப் போட்டீங்க?” என்றாள்.

“மீன் கொழம்ப,” என்றேன்.

அதையும் அடிக்க விடவில்லை. இனிச் சரியாகப் போடுங்கள் என்றாள். யோசித்துப் பார்த்தேன். பழக்கமாகிவிட்டது, பத்தே இருக்கட்டும்.

டீ கேட்டு யாரும் வரவில்லை.

டிசம்பர் 5
பானம்: 0. ஏக்கம்: 10.

மூன்று கோயிலில் ஸ்பீக்கர். முதுகு வலி. நோட்டில் எழுதத் தெம்பில்லை.

டிசம்பர் 14
பானம்: 0. ஏக்கம்: 10.

மாரி பரணிலிருந்து பச்சை நிறப் பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பையை எனக்குத் தெரியும். மூன்று வருசமாக, நான் மலையிலிருந்து இறங்குகிற அன்று அது விளாத்திகுளத்துக்குப் போகும். அங்கே அவள் சித்தி வீடு. நான் மாலையைக் கழற்றி, விட்ட நாற்பத்தெட்டு நாளையும் வட்டியோடு குடித்து முடித்து, தெளிந்து, வாந்தியை நானே கழுவிய பிறகு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வருவாள். வந்ததும் ஒன்றும் கேட்க மாட்டாள். வாசலைக் கூட்டுவாள்.

“இந்த வருசமும் போறியா?” என்றேன்.

“ஆமா சாமி. இந்த வருசம் அம்மா போட்டோவையும் எடுத்துட்டுப் போறேன்.”

“போட்டோ எதுக்கு? திரும்பி வருவேல்லா?”

“சித்தி வீட்டுப் பக்கமே மெடிக்கல்ல வேல இருக்கு. பேசி வெச்சிருக்கேன்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

“இந்த வருசம் மாத்திர இருக்கு மாரி. சேத்து வெச்சிருக்கேன். மாலையக் கழட்டுன அன்னைக்கே போட ஆரம்பிச்சிருவேன்,” என்றேன். பேட்டரி டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒரு பாதி நீலம், ஒரு பாதி வெள்ளை. டப்பா நிறைய.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மருந்துக் கடையில் நிற்கிறவள், மருந்துக்குக் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறாள். எனக்கு வைத்திருப்பதைவிட.

“என் கண்ணு முன்னால முழுங்கணும் சாமி.”

“முழுங்குதேன்.”

“பை வாசல்லதான் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

டிசம்பர் 22
பானம்: 0. ஏக்கம்: 10.

தேவசகாயம் மையத்து வாசலில் போர்டு வைத்திருக்கிறார். ‘ஐந்து வாரம். ஒரு துளி மது இல்லை. மருத்துவ அதிசயம்.’ பக்கத்தில் எங்கள் குழுப் படம். முப்பத்தேழு கறுப்பு வேட்டி. அதிசயம் படத்திலேயே கழுத்தில் தொங்குகிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

டிசம்பர் 29
பானம்: 0. ஏக்கம்: 10.

கொம்பையா வந்தான். முகம் கோணலாக இருந்தது.

“தெப்பத்து மீனு மாத்திரையத் துப்புது சாமி. ஏன்னு பாக்க ஒண்ண ஒடச்சு நாக்குல வெச்சேன். பொடி எலும்பு இல்லைல்லா, தோசமில்லன்னு. யப்பே, வேப்பங்கொட்ட தோத்துது. காலையில இருந்து கசக்கு.”

“எல்லாருக்கும் அப்படியா?”

“மூக்கையாவுக்கும் கசப்புதானாம். ஆனா நம்ம குருசாமிது சப்புன்னு மாவாட்டம் இருக்காம். எலும்பு ஆகாதுன்னவரு எப்ப நக்கினாரோ.”

அவன் போன பிறகு ஆம்ப்ளிபயர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்தேன். நாக்கில் வைத்தேன்.

கோதுமை மாவு. சந்தேகமே இல்லை. சப்பாத்திக்கு மாரி பிசைகிற மாவு.

சிரிப்புதான் வந்தது. நாற்பது பேரில் சாமர்த்தியசாலி நான் ஒருவன், நாற்பது நாளாக நாய் எலும்பைப் புதைக்கிற மாதிரி மாவைப் பதுக்கி வைத்திருக்கிறேன். என் தலைவிதியை எழுதியவன் பத்தாம் வகுப்புக் கணக்கைத் திருத்தியவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஃபெபியிடம் போய், “ஆளாளுக்கு மாத்திரைய மாத்திக்கிடலாமா?” என்று கேட்டேன். “ஐயோ, கூடவே கூடாது அண்ணாச்சி,” என்றாள். கொம்பையாவிடம் அவனுடையதைக் கேட்கலாம். இதுவரை வாங்கியது மீனுக்குப் போய்விட்டது. இனி வருவதைக் கேட்டால் எதற்கு என்பான். மாலை கழற்றிய பிறகும் குடிக்காமல் இருக்கப் போகிறேன் என்று அவனிடம் சொல்வதைவிட வேட்டியில்லாமல் பஜாரில் நடக்கலாம்.

மாரியிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 30
பானம்: 0. ஏக்கம்: 10.

நாளை மலைக்குக் கிளம்புகிறோம். டப்பாவில் எண்ணினேன். நாற்பத்திரண்டு. நோட்டையும் டப்பாவையும் ஆம்ப்ளிபயர் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நாலு நாளுக்கு ஒன்றும் எழுத முடியாது. எழுதினாலும் சைபர்தான்.

ஜனவரி 4
பானம்: 0. ஏக்கம்: 10.

காலை பத்து மணிக்கு வேன் வந்து கோயிலில் இறங்கியது. குருசாமி வரிசையாக மாலையைக் கழற்றினார். கடைசி ஆளுக்குக் கழற்றும்போது அவர் கை நடுங்கியது. பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பதினொன்றே காலுக்குப் பிராந்திக் கடை ஷட்டர் முன்னால் நிற்கிறார், நெற்றியில் விபூதி இன்னும் ஈரம். கடை திறக்கப் பன்னிரண்டு ஆகும். அவருக்குப் பின்னால் முப்பத்துச் சொச்சம் பேர். கொம்பையாவுக்குக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை. போன மாதமே வாங்கி மண்டிக் குடோனில் வாழைத்தாருக்குள் வைத்திருந்தான்.

“வாரும் வே,” என்றான். மாலை கழன்றதும் சாமியும் போய்விட்டது, வே வந்துவிட்டது.

“வீட்டுக்குப் போயிட்டு வாரேன்,” என்றேன்.

“அங்க என்ன இருக்கு?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

வாசலில் பச்சைப் பை இருந்தது. உள்ளே சுவரில் போட்டோ இருந்த இடம் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் நாலு வருசத்துப் புகை. துருப்பிடித்த ஆணி ஒன்று மட்டும். மாரி கையில் தம்ளரோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். மாலை இல்லாததால் சாமி என்று சொல்ல முடியாது. வேறு சொல்லும் வரவில்லை. தம்ளரை நீட்டினாள்.

நான் டப்பாவைத் திறந்தேன். ஒரு கேப்சூலை எடுத்து, வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கிக்கூடக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் பைத்தியக்காரர்களிடம் அப்படிக் கேட்பார்களாம்.

“நல்ல மருந்தா?” என்றாள்.

“சென்னையில இருந்து வந்தது,” என்றேன். பொய் இல்லை. மாவும் சென்னையிலிருந்துதான் வந்தது.

“நாளைக்குப் பாத்துக்கிட்டுப் போறேன்,” என்றாள். பை வாசலிலேயே இருந்தது.

பிறகு டப்பாவை எண்ணினேன். முழுங்கியது போக நாற்பத்தொன்று இருக்க வேண்டும். நாற்பதுதான் இருந்தது. கணக்கில் கோட்டைவிட்டவன் என்று சொன்னேன் அல்லவா.

ஜனவரி 5
பானம்: 0. ஏக்கம்: 10.

ஸ்குரூ டிரைவரை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தேன். ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் தின்றேன். கொம்பையா இரண்டு தடவை வாசலில் வந்து ஹார்ன் அடித்தான். மூன்றாம் தடவை மாரி வெளியே போய், “ஆள் இல்ல,” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், இல்லாத ஆளாக.

மாத்திரை முழுங்கினேன். “நாளைக்குப் பாத்துக்கிட்டுப் போறேன்,” என்றாள்.

ஜனவரி 6
பானம்: 0. ஏக்கம்: 10.

இன்று என் பெண்டாட்டி கனியம்மாள் இறந்து நாலாம் வருசம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்னும் பதினெட்டுக் கோடு பாக்கி இருக்கிறது.

அந்த வருசமும் நாலாம் தேதிதான் மாலை கழற்றியது. ஆறாம் தேதி கயத்தாற்றில் ஒரு சடங்கு வீடு. பந்தலுக்குப் பின்னால் என் ஸ்பீக்கர் பாக்ஸ்கள். மத்தியானம் கனிக்கு நெஞ்சு வலி. மாரி பதினேழு தடவை போன் அடித்திருக்கிறாள். போன் பாக்ஸ் மேல் இருந்தது. நான் பாக்ஸுக்கு அடியில் இருந்தேன். பாட்டுச் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். சொந்தக்காரர்கள் நம்பினார்கள். பாட்டைப் போட்டதே நான்தான், எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியும்.

மாரியும் தெரிந்தவள்தான். சின்னதிலிருந்து என்கூடப் பெட்டி தூக்கியவள்.

மாத்திரை முழுங்கும் நேரத்தில் இன்று அவள் தம்ளரைக் கையில் தரவில்லை. தரையில் வைத்தாள். முழுங்கினேன். பை அப்படியே இருக்கிறது.

ஜனவரி 11
பானம்: 0. ஏக்கம்: 10.

புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் பழைய பழக்கத்தில் கண்ணைக் காட்டினார். எனக்கென்று ஒரு கட்டிங் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. தொட்டி வரை போனேன். தொட்டியைச் சுற்றி வந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். நாலு கலர் சோடா குடித்து வயிறு ஊதிவிட்டது. மாரிக்கு மாத்திரை முழுங்கிக் காட்ட வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஓடினேன். மாவை முழுங்க இப்படி ஓடியவன் எங்கேயாவது உண்டா?

ஜனவரி 25
பானம்: 0. ஏக்கம்: 10.

பெரிய டாக்டர் வந்தார். மைக்செட் என்னுடையது. இரண்டு தடவை ‘டெஸ்டிங்’ சொல்லிவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் எங்களை டெஸ்ட் செய்வதைச் சொல்லத் தொடங்கினார்.

திரையில் ஒரு படம். ஏழு வாரம் தரையோடு தரையாக ஒரு கோடு, முதல் வாரத்தில் மட்டும் கொம்பையாவின் டீ ஒரு சின்ன மேடு. பிறகு ஜனவரி நாலாம் தேதி சுவர் ஏறுகிற பல்லி மாதிரி நேரே மேலே.

“ஆச்சரியம் என்னன்னா, எது மருந்து குரூப்னு எங்களுக்கே இன்னும் தெரியாது, ஆனா ரெண்டு குரூப்லயும் ஒரே மாதிரி,” என்றார். “ஏழு வாரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அப்புறம் ஏறக்குறைய எல்லாரும் ஒரே நாள்ல. நாங்க யோசிச்சோம். புத்தாண்டுக் கொண்டாட்டத்தோட தாக்கமா இருக்கலாம்.”

பின்வரிசையில் குருசாமி இருந்தார், சுவரில் சாய்ந்தபடி தூக்கம். அவரைச் சுற்றி என் குழு, பாதி உட்கார்ந்து பாதி சரிந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் இன்னொரு மைக் ஆனில் இருந்ததை மறந்துவிட்டேன். என் சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. டாக்டர் நிறுத்திப் பார்த்தார்.

“எக்கோ சார்,” என்றேன்.

நாற்பது பேரின் கழுத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். எட்டு வருசம் படித்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 9
பானம்: 0. ஏக்கம்: 10.

ஆராய்ச்சியின் கடைசி நாள். டாக்டரும் வந்திருந்தார். போன வாரம் நோட்டை வாங்கி வைத்திருந்த ஃபெபி இன்று சொன்னாள்:

“அண்ணாச்சி, ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில எனக்கு ஒரு டீ பாக்கி இருக்கு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லாம் படித்திருக்கிறாள். தொட்டிக்குப் பின்னால் போனது, பாக்ஸுக்கு அடியில் கிடந்தது, எல்லாம்.

“டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது,” என்றாள்.

சொன்னேன். மற்றவர்கள் பெயரை இழுக்கவில்லை, என் கதையை மட்டும். மாலை, எலும்பு, பேட்டரி டப்பா, ஷிப்டு கணக்கு. தேவசகாயம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல செருப்பு போட்டிருந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “மாலை, விரதம் இதெல்லாம் அவங்கவங்க நம்பிக்கை. நாங்க கேக்கறதில்ல. ஆனா நீங்க டோஸை உரிய நாள்ல எடுக்கல. அது விதிமீறல்.”

“மாலை போட்டவங்கள்ல நாலாந்தேதிக்கு அப்புறம் குடிக்காதவன் நான் ஒருத்தன்தான் சார்.”

“அது ரொம்ப சந்தோஷம். ஆனா உங்க தரவை எடுத்துக்க முடியாது. நீக்கிடுவோம்.”

குடித்த முப்பத்தாறு பேரும் கணக்கில் இருக்கிறார்கள். டீயைப் பானம் என்று போட்ட கொம்பையாவும் இருக்கிறான். குடிக்காதவனை நீக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இப்போது பல்லி யார் தொந்தரவும் இல்லாமல் ஏறும்.

“மீதி மாத்திரைய திருப்பிக் குடுத்திடுங்க,” என்றார்.

“மீனுக்குப் போட்டாச்சு சார்,” என்றேன். டப்பாவில் நாற்பத்தாறு இருந்தது. மாரிக்கு வேண்டும்.

நீக்கப்பட்டவனின் நோட்டு அவர்களுக்குத் தேவையில்லை என்பதால் ஃபெபி என்னிடமே கொடுத்துவிட்டாள். டீக்கடையில் இரண்டு டீ குடித்தாள். “டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதப் போறேன். அடுத்த தடவ படிவத்துல ஒரு கட்டம் சேக்கணும்,” என்றாள்.

“என்ன கட்டம்?”

“கழுத்துல என்ன இருக்குன்னு.”

“ஏக்கத்துக்கும் எது மேலன்னு போடச் சொல்லு,” என்றேன். தலையாட்டினாள். கிளாஸைப் பார்த்துக்கொண்டு ஆட்டினாள்.

மார்ச் 2
பானம்: 0. ஏக்கம்: 10.

அச்சடித்த பக்கம் தீர்ந்துவிட்டது. கட்டத்தை நானே கோடு போட்டு வரைகிறேன். அளவு சரியாக வரவில்லை. கொம்பையா மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறான். பார்த்துவிட்டு வந்தேன். “நீரு எந்த மாத்திரைய வே போட்டீரு?” என்று கேட்டான். இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பை வாசலில்தான் இருக்கிறது. மேலே தூசி. இரண்டு மாதமாக மாரி தினமும் நாளைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 26
பானம்: 0. ஏக்கம்: 10.

இன்று கடைசி மாத்திரை. எனக்குப் பத்து நாளாக இதே கவலை. குடிக்காமல் இருக்க மாவு தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அதாவது தெரியும் என்று காலையில் தோன்றுகிறது, சாயங்காலம் அவ்வளவு தோன்றவில்லை. ஆனால் மாரிக்கு டப்பா காலி என்றால் பை கிளம்பிவிடும். காலி கேப்சூல் எங்கே கிடைக்கும் என்று மெடிக்கல் கடைகளில் விசாரித்தேன், அவள் நிற்கிற கடையை விட்டு.

அவள் தண்ணீரோடு வந்தாள். முழுங்கினேன். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.

“தீந்து போச்சு.”

“சரி. நாளைக்கு நான் வாங்கிட்டு வாரேன்.”

“இது கடையில கெடைக்காது மாரி. சென்னை மருந்து.”

“கோதும மாவு எந்தக் கடையிலயும் கெடைக்கும்,” என்றாள்.

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். இந்த முறை அவள் காட்டச் சொல்லவில்லை.

“நீங்க மலைக்குப் போனப்பவே ஒண்ண ஒடச்சுப் பாத்துட்டேன். நோட்டும் பக்கத்துலதான கெடந்தது,” என்றாள். தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்படியானால் எண்பத்திரண்டு நாள். நான் மாவு என்று தெரிந்தே முழுங்கினேன். அவள் மாவு என்று தெரிந்தே தண்ணீர் கொடுத்தாள். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். டாக்டருக்கு மட்டும் இன்னும் தெரியாது.

இந்த நோட்டை இனி எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மார்ச் 27

காலையில் ஆம்ப்ளிபயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஆணியை ஆட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பச்சைப் பை திறந்து கிடக்கிறது. கனியின் போட்டோவை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள் மாரி.

“இந்த ஆணி துருப்பிடிச்சுப் போச்சு, தாங்காது. வேற ஆணி அடி யப்பா.”

ஆணி எடுக்கப் போகிற சாக்கில் அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். நாற்பதடிக் கம்பத்தில் ஏறி ஹார்ன் கட்டியவன் நான். ஒரு ஆணி அடிக்க மூன்று தடவை விரலில் அடித்துக்கொண்டேன். போட்டோ கொஞ்சம் கோணலாகத்தான் தொங்குகிறது. அவள் சரி செய்யவில்லை. நானும் தொடவில்லை.

கட்டம் வரைய மறந்துவிட்டது.